வாசற்படிக் கட்சி

அய்யாவின் கட்சி ஒருநாளும் தனியாக ஆண்டதில்லை. தனியாக ஆளும் ஆசையும் அதற்கு இருந்ததில்லை என்றே இப்போது நினைக்கிறேன். ஆளுகிறவர் யாராயினும் அவர் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வதே அதன் கொள்கையாக இருந்தது. அதற்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் குடியானவர் கட்சி. ஊர் வைத்த பெயர் வாசற்படிக் கட்சி. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று கடைவீதியில் கேலி பேசுவார்கள். அய்யாவின் காதிலும் அது விழும். கோபப்பட மாட்டார். "வாசப்படி இல்லாத வீடு எங்கன இருக்கு?" என்று கேட்டுவிட்டு நடந்துவிடுவார்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளின் பிற்பகுதியில் சர்க்கார் எங்கள் ஊரையும் பக்கத்திலிருந்த இரண்டு குடியிருப்புகளையும் சேர்த்து ஒரு யூனியன் ஆக்கியது. தெரு, விளக்கு, சந்தை, கிணறு, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள ஒன்பது உறுப்பினர். எந்தத் தெருவுக்கு யார் என்று ஊர் கூடிச் சொல்லும். உத்தமபாளையத்திலிருந்து வரும் அதிகாரி அதை ஒப்புக்கொள்வார். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பட்டியல் மாறும். ஆனால் கணக்கு மாறாது. நஞ்சையில் பாதியை வைத்திருந்த பெரிய வீட்டுக்கு நான்கு பேர், கடைவீதிக்கு மூன்று பேர், எங்களுக்கு இரண்டு பேர். நான்கு தனியாக நின்றால் ஆள முடியாது, மூன்றும் முடியாது. ஆகவே அந்த இரண்டு பேரைத் தேடித்தான் எல்லாரும் வந்தார்கள். அய்யா அந்த இருவரில் ஒருவர். மற்றவர் அய்யா தலையசைத்தால் தானும் தலையசைக்கும் பெரியவர்.

எங்கள் கட்சியில் இருந்தவர்கள் கொஞ்சம் பட்டா நிலமும் இரண்டு ஜோடி மாடும் வைத்திருந்தவர்கள். பாதிக்கு மேல் எங்கள் கோயில் தெருக்காரர்கள். நான்கைந்து தலைமுறைக்கு முன் வேதத்துக்கு வந்து கிறிஸ்தவர்களான குடும்பங்கள். மீதிப் பேர் அதே சாதியில் பழைய சாமிகளைக் கும்பிட்டவர்கள். வரி கூடக்கூடாது, யாருடைய நிலத்தின் வரப்பையும் எவனும் தொடக்கூடாது, இருப்பதை இடிக்கக்கூடாது, நல்லது நடக்க வேண்டும், ஆனால் மெதுவாக நடக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 'மெதுவாக' என்ற சொல்லை அய்யா சொல்வது எனக்கு மிகவும் பிடிக்கும். காய்ச்சல்காரன் நெற்றியில் கை வைப்பதுபோல அதைச் சொல்வார்.

இவையெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், கட்சியின் கடிதங்களை எழுதியவள் நான். மதுரையில் கன்னியர் மடம் நடத்திய பள்ளியில் ஐந்து வருஷம் படித்தேன். ஓடைப்பட்டியில் மணம் முடித்துக் கொடுத்தார்கள். இரண்டாம் வருஷம் வாந்திபேதி கண்டு கணவர் போய்விட்டார். பத்தொன்பது வயதில் தகப்பன் வீட்டுக்கு, அய்யாவிடமே, திரும்பினேன். அய்யாவுக்கு அப்போதே பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. கூடத்தில் கட்சிக்காரர்கள் பேசுவார்கள்; உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நான் மைக்கூட்டுடன் உட்கார்ந்திருப்பேன். முடிவானதும் அய்யா எழுந்து வந்து மெல்லிய குரலில் சொல்ல, நான் எழுதுவேன். யாரோடு சேர்வதானாலும் எங்கள் நிபந்தனைகளைக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பது அய்யாவின் வழக்கம்.

முதல் யூனியனில் பெரிய வீட்டோடு சேர்ந்தார்கள். நிபந்தனைகளில் முதலாவதாக அய்யா சொன்னது, 'பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம்.' எனக்காகச் சொன்னார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பேனாவை ஒரு கணம் எடுத்துவிட்டு மறுபடி எழுதினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அந்த மூன்று வருஷத்தில் கோயில் தெருவுக்குச் சரளை போட்டார்கள், குளத்தங்கரையை உயர்த்தினார்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று பெரிய வீட்டுக்காரர் சொன்னதாக அய்யா வந்து சொல்வார். வெளியே வந்துவிடுங்களேன் என்று ஒருமுறை சொன்னேன்.

"உள்ள இருந்தாத்தான் ஆத்தா ஒரு கல்லையாவது நகத்தலாம். வெளிய நின்னு கத்துனா தொண்டதான் வத்தும்" என்றார்.

இரண்டாம் யூனியனில் கடைவீதியோடு சேர்ந்தார்கள். கடைவீதிக்குத் தலைவர் ஒரு ராவுத்தர். பருத்தி வாங்கி விற்பவர். அய்யாவை மாமா என்று அழைப்பார். அவரோடு சத்தியமும் இல்லை, தாம்பூலமும் இல்லை. கடையில் நின்றபடி எங்கள் காகிதத்தை வாங்கி, முதல் வரியை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, "இதுக்கு எதுக்கு மாமா காயிதம்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டே மாதத்தில் சந்தைக்கு ஓரத்தில் யூனியனுக்குச் சொந்தமாக வெறுமனே கிடந்த பழைய சரக்குக் கிட்டங்கியைப் பள்ளிக்கூடத்துக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். கூரை ஓடுகளைப் பிரித்து மாற்றினார்கள். வாத்தியாரம்மா என்று என் பெயர் யூனியன் பதிவேட்டில் ஏறியது.

பள்ளிக்கூடம் திறந்த அன்று மதுரையிலிருந்து வந்த கரும்பலகையை வண்டிக்காரன் சந்தை முகப்பிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். ஆளைக் கூப்பிடலாம் என்றேன். அய்யா மேல்துண்டைச் சும்மாடாகச் சுற்றி, அந்தப் பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு, யூனியன் உறுப்பினர் என்பதையெல்லாம் மறந்து, கடைவீதி நடுவே கிட்டங்கி வரை நடந்தார். வழியெல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவரைப் பற்றி இதற்குப் பின் நான் எழுதப்போவதைப் படிக்கிறவர்கள், அந்தப் பலகையையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பதினொரு பிள்ளைகளோடு தொடங்கி இருபத்து மூன்றுக்கு வந்தோம். கோயில் தெருப் பிள்ளைகள், ராவுத்தரின் பேத்திகள் இருவர், பெரிய வீட்டு வயலில் களையெடுத்த ஒருத்தியின் மகள். அந்தத் தாய் வாரத்துக்கு ஒருமுறை வாசலில் வந்து நிற்பாள். மகள் வாசிப்பதைக் கேட்டு, "இவ நெசமாத்தான் படிக்கிறாளா, இல்ல பாட்டு மாதிரி மனப்பாடமா, வாத்தியாரம்மா?" என்பாள். ஒருநாள் அவள் கூலிச்சீட்டை வாங்கி மகளையே வாசிக்கச் சொன்னேன். அதன்பின் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

அந்தக் கூட்டை முறித்தது கடைவீதி அல்ல, நாங்கள். சந்தைக்கு வரும் வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு வரி போட்டால் விளக்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆகும் என்று ராவுத்தர் சொன்னார். அது சரியான யோசனை. இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் சந்தைக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் எங்கள் கட்சிக்காரர்கள். கூடத்தில் அன்று கேட்ட இரைச்சலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. மெதுவாகப் பேசும் மனிதர்கள் வரி என்றதும் மெதுவாகப் பேசவில்லை. அய்யா மூன்று நாள் சாப்பாட்டைத் தள்ளித் தள்ளி வைத்தார். நான்காம் நாள், பெரிய வீட்டிலிருந்து ஆள் வந்தது. வண்டிக்கு வரி கிடையாது, பள்ளிக்கூடத்தைத் தொடுவதில்லை, சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டனுப்பியிருந்தார்கள்.

முதல் தடவை ஏமாந்தவர்கள் என்பதால் இந்த முறை எங்கள் கட்சிக்காரர்கள் சத்தியம் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் சத்தியம் என்றால் சாமிக்கு முன்னால் சூடத்தைக் கொளுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, அதை உள்ளங்கையால் அணைப்பது. பெரிய வீட்டுக்காரர் கொடுத்த வாக்குகளில் பல ஈரத்தில் நட்ட குச்சியாக விழுந்திருக்கின்றன. ஆனால் தன் குலசாமி முன்னால் சூடம் அணைத்துச் சொன்ன எதையும் அவர் மீறியதாக ஊரில் பேச்சில்லை. அது எல்லாருக்கும் தெரியும். அய்யாவுக்கும் தெரியும்.

பெரிய வீட்டுக்காரர் வேறொன்றைச் சொல்லியனுப்பினார். சூடம் எதற்கு, உங்கள் குருசடிக்கே வந்து, சிலுவையைத் தொட்டு, உங்கள் முன்னிலையில் சொல்கிறேன் என்றார்.

கோயில் தெரு அந்தச் சொல்லில் கிறங்கிப்போயிற்று. நாலு தலைமுறையாக எங்கள் தெரு வழியாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்ட குடும்பம் அது. அந்த வீட்டுத் தலைவர் எங்கள் சிலுவையைத் தொட வருகிறார். இதைவிடப் பெரிய உறுதி எது என்று ஆளுக்கு ஆள் கேட்டுக்கொண்டார்கள்.

ராவுத்தர் மட்டும் பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார். நாங்கள் கைவிட்ட மனிதர். பேத்திகளைப் பள்ளியை விட்டு நிறுத்த வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றாமல் வெளியிலேயே நின்று, "சத்தியம் வாங்குறதா இருந்தா அவுக கோயில்ல வச்சு வாங்கச் சொல்லு, தாயி. உங்க குருசடியில எங்களுக்கெல்லாம் என்ன பயம் இருக்கு?" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேத்திகள் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

அதை அப்படியே அய்யாவிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு மனுசன் நம்ம எடத்துக்கு வந்து தொட்டுச் சொல்றேங்கிறாரு. அவர நம்பாம, போயி சூடத்த அணைங்கன்னு சொல்லச் சொல்றியா? நாம அம்புட்டு மரியாத கெட்டவுகளா ஆத்தா?"

மரியாதைதான் எங்களைக் கெடுத்தது. வேறு எந்த ஊரிலும், வேறு எந்தக் கட்சியிலும், பணத்தாலோ பயத்தாலோ ஏமாந்திருப்பார்கள். எங்கள் ஆட்கள் உபசாரத்தால் ஏமாந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார்கள். மெழுகுவத்தி ஏற்றினார்கள். பெரிய வீட்டுக்காரர் தூரத்திலேயே செருப்பை விட்டுவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து, கல்சிலுவையின் அடியில் வலதுகையை வைத்து, பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை யூனியன் உள்ளளவும் அசைக்கமாட்டேன் என்று உரக்கச் சொன்னார். எங்கள் பெரியவர் அழுதுவிட்டார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு. அதை மறைத்து இதை எழுதுவது நேர்மையாகாது.

அப்போது மேற்கே மலையில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப்பக்கம் ஓடும் ஆற்றை மறித்து எங்கள் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் திருப்பப்போகிறார்கள் என்று பேச்சு. அணையில் வேலை செய்த ஆயிரக்கணக்கான ஆட்களுக்கும் மாடுகளுக்கும் அரிசியும் கொள்ளும் ஏற்றிய வண்டிகள் பகலெல்லாம் எங்கள் சாலையில் தெற்கே போய்க்கொண்டிருக்கும். அந்த வண்டிகளில் ஒரு பங்கைப் பெரிய வீட்டுக்காரர் குத்தகைக்கு எடுத்தார். மூட்டைகள் நனையாமல் இறக்கிவைக்கச் சாலையோரம் ஓடு போட்ட இடம் ஒன்று வேண்டியிருந்தது. எங்கள் ஊரில் அப்படி இருந்தது ஒன்றுதான்.

குருசடியில் சொல்லி ஏழு மாதம் ஆகியிருந்தது. காலையில் பிள்ளைகளோடு போனேன். கிட்டங்கியின் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தார்கள். உள்ளே கூரை முகடு வரை மூட்டை. சிலேட்டுகளையும் மணைகளையும் வெளியே வேப்பமரத்தடியில் நேர்த்தியாக அடுக்கி வைத்திருந்தார்கள். கரும்பலகையை மட்டும் உள்ளேயே விட்டிருந்தார்கள். தரையின் ஈரம் ஏறாமலிருக்க அதைக் கீழே போட்டு அதன்மேல் மூட்டையை அடுக்கியிருந்தார்கள்.

அய்யாவுக்குச் சொல்லியனுப்பினேன். அவர் வந்து சேரும்போது பெரிய வீட்டுக்காரரும் மூட்டைகளைப் பார்க்க வந்திருந்தார். வண்டிக்காரர்களும் எங்கள் கட்சிக்காரர் நாலைந்து பேரும் கூடியிருந்தார்கள். பிள்ளைகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன மச்சான், குருசடியில கை வச்சுச் சொன்னீகளே" என்றார் அய்யா. குரல் உயரவில்லை.

"சொன்னேன். இல்லைங்கல" என்றார் அவர். சிரித்த முகந்தான். "ஆனா அங்கன இருக்கது எஞ்சாமி இல்லையே மச்சான். உங்க சாமி மன்னிக்கிற சாமிதான?"

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். எங்கள் கட்சிக்காரர் ஒருவரும் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அய்யாவும் லேசாகச் சிரித்தார். சண்டையாக மாறிவிடக்கூடாதே என்று சிரித்த சிரிப்பு அது. எனக்குத் தெரியும். தெரிந்தும், அவருடைய மற்ற எல்லாவற்றையும் மன்னித்த பிறகும், அந்தச் சிரிப்பு மட்டும் எங்கோ நிற்கிறது.

அன்று மத்தியானமே ராவுத்தர் ஆள் அனுப்பினார். மூன்றும் இரண்டும் ஐந்து. நீங்கள் வந்தால் நாளைக்கே கூட்டம் போட்டுக் கிட்டங்கியை மீட்கலாம், பழையதை நான் பேசமாட்டேன் என்று சொல்லியிருந்தார். பெரிய வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. அணைத் தண்ணீர் வந்ததும் எந்த வாய்க்காலுக்கு எப்போது முறை என்று ஊர் தீர்மானிக்க வேண்டியிருக்கும். அதைப் பார்க்கும் குழுவில் உங்கள் இருவருக்கும் இடம் உண்டு. அடுத்த வாரம் அதிகாரி வருகிறார். பள்ளிக்கூடத்தைச் சிறிது காலம் நிறுத்தி வைக்கலாம் என்று உங்கள் கட்சியே எழுதிக் கொடுத்துவிட்டால் நல்லது என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.

சாயங்காலம் வரை கூடத்தில் பேசினார்கள். தண்ணீர் என்ற சொல் எத்தனை முறை வந்தது என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் என்ற சொல் இரண்டு முறை வந்தது. அடிக்கடி பக்கம் மாறினால் நம்முடைய சொல்லுக்கு மதிப்பிருக்காது என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் ஆமோதித்தார்கள். கதவுக்குப் பின்னால் இருந்த எனக்கு அப்போது சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன்.

அய்யா எழுந்து உள்ளே வந்தார். நான் தாளை எடுத்து வைத்திருந்தேன். நின்றுகொண்டே சொன்னார். மேற்படி யூனியனில் நடந்து வரும் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வருகை குறைவாக இருப்பதால், தற்காலம் அதை நிறுத்தி வைக்க...

"எத்தன பேருன்னு எழுதட்டும் அய்யா?"

"எண்ணிக்க வேண்டாம் ஆத்தா. கொறச்சல்னு எழுது, போதும்."

அன்று காலையில் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் இருபத்து மூன்று பேர். ஒருத்திகூட விடுப்பில்லை. நான் 'குறைவு' என்று எழுதினேன். எண்ணை எழுதியிருக்கலாம். அய்யாவின் கண் அதைக் கண்டுபிடித்திருக்காது, அதிகாரி கண்டுபிடித்திருப்பார். அவரை ஊர் முன்னால் பொய்யராக்க எனக்கு மனம் வரவில்லை. மனம் வராததற்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொண்டேன். கட்சிக்காரர்கள் அதற்கு மெதுவாக என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அதிகாரி வந்தார், படித்தார், ஒப்புக்கொண்டார். இவ்வளவு அழகான கையெழுத்து யாருடையது என்று கேட்டாராம். அய்யா அதை வீட்டில் வந்து சந்தோஷமாகச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பிள்ளைகளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். மாடுகள் நடுவே போய்வந்தன. களையெடுப்பவள் வந்து, வண்டிக்காரர்கள் பார்வை சரியில்லை என்று மகளை அழைத்துக்கொண்டு போனாள். போகும்போது, "அய்யா யூனியன்லதான இருக்காக? உள்ள இருந்து என்ன பாக்குறாக?" என்று கேட்டாள். இரைச்சலில்லாமல், தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள். ஒவ்வொருத்தியாக நின்றுபோனார்கள். ஐப்பசி மழை இறங்கியபோது நான்கு பேர் இருந்தார்கள். ராவுத்தரின் பேத்திகள் அவர்களில் இருவர். நான் எழுதியபோது பொய்யாக இருந்த அந்தக் கடிதம் மழைக்குள் உண்மையாகிவிட்டது.

தண்ணீரும் வந்தது. சுரங்க வழியாக மலையைத் துளைத்துக்கொண்டு அது இறங்கியதைப் பார்க்க ஊரே போயிற்று. முதல் முறை பெரிய வீட்டு வாய்க்காலுக்கு. எங்கள் உறுப்பினர் இருவரும் குழுவில் உட்கார்ந்து வாதாடி மூன்றாம் முறையைப் பெற்று வந்தார்கள். வெளியே இருந்திருந்தால் ஐந்தாம் முறைதான் கிடைத்திருக்கும் என்றார் அய்யா. இருக்கலாம். அந்தக் கட்சியின் சரித்திரத்தில் இந்த வாக்கியத்துக்கு மறுப்பு யாரும் சொன்னதில்லை, நான் உட்பட.

மூன்று வருஷம் முடிந்து பட்டியல் மாறும் காலம் வந்தது. பெரிய வீட்டோடு மனத்தாங்கல். மறுபடியும் கடைவீதியோடு பேசலாம் என்று கூடத்தில் முடிவாயிற்று. அய்யா சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார். அதற்குள் பார்வை முக்கால்வாசி போய்விட்டது. எனக்கு எதிரே மணையில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதல் நிபந்தன..." என்று தொடங்கினார்.

"எழுதிட்டேன் அய்யா" என்றேன்.

அவர் கையை நீட்டி, மை காயாத அந்த வரிமேல் படாமல், தாளின் ஓரத்தை மட்டும் தொட்டுப் பார்த்தார். மெதுவா நடக்கும் ஆத்தா என்றார். நான் அடுத்த தாளை எடுத்தேன். பிறகு அந்த வரியை விட்டுக்கொடுக்கப்போகும் கடிதத்துக்கும் எனக்கு யாரும் வாசகம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.